மாற்றுவதா, பழுது பார்ப்பதா? மலைவீட்டு கீசருக்கும் ஹீட்டருக்கும் ஒரு மெக்கானிக்கின் கணக்கு

"பழைய கீசர் கரண்ட்டை இழுக்கும், புதுசு மாட்டினா பில் பாதியாயிடும்" என்று யாராவது சொன்னால், அவரிடம் விற்பதற்கு ஒரு கீசர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசருக்குள் இருப்பது ஒரு எலிமென்ட். கரண்ட் பாய்ந்தால் அது சூடாகும், சுற்றி நிற்கும் தண்ணீரும் சூடாகும். பல வருஷம் ஓடிய எலிமென்ட்டும் நேற்றுப் பெட்டி பிரித்த எலிமென்ட்டும் ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு சூட்டைத்தான் கொடுக்கும். வயதானால் அது ஒருநாள் செத்துப்போகும், அவ்வளவுதான். மெல்ல மெல்லச் சோர்ந்துபோவது அதன் குணமில்லை. ரூம் ஹீட்டருக்கும் இதே கதை.

புது கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் சொல்வது வேறு சங்கதி. சூடான தண்ணீர் ஆறாமல் டேங்க் எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்பதற்கான மதிப்பெண் அது. குளிக்கும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டில் அதனால் பெரிய லாபம் கிடையாது. நாள் முழுக்க சுவிட்ச் போட்டபடியே இருக்கிற வீட்டில் உண்டு. அந்த வீட்டுக்காரரிடம் சுவிட்சை அணைக்கச் சொல்வது அதைவிட மலிவு.

நான் தொழில் கற்றது கோயமுத்தூரில், ஏ.சி. மெக்கானிக்காக. குன்னூர் வந்தபிறகு கீசர், ரூம் ஹீட்டர், மொட்டைமாடியில் தண்ணீர் சுடவைக்கும் சோலார், பங்களாக்களின் பயர்பிளேஸ் என்று வேலை மாறிவிட்டது. ஏ.சி.யும் இப்போது மறுபடி கைக்கு வருகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியே 29 டிகிரியைத் தொட்டதிலிருந்து, "மாத்துறதுதான் மாத்துறோம், சூடும் குளிரும் சேர்ந்து வர்ற மிஷினா போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், கெட்டுப்போனதாக நினைக்கும் பொருள் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி வீடுகளில் கெட்டிருப்பதில்லை.

கடிகாரம், தெர்மாமீட்டர், மல்டிமீட்டர்

25 லிட்டர் கீசர், 2000 வாட் எலிமென்ட். தொட்டித் தண்ணீர் 15 டிகிரியில் இருக்கிறது, 60-க்குக் கொண்டுபோக வேண்டும். 1.3 யூனிட் செலவாகும், சுமார் 40 நிமிடம் பிடிக்கும். இதே கீசர் கோயமுத்தூரில், 27 டிகிரி தண்ணீரில், அரை மணி நேரத்தில் சுட்டுவிடும். ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் உறைபனி விழுந்த காலையில் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கியிருந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். கீழேயிருந்து வந்து குடியேறுகிறவர்கள் முதல் டிசம்பரிலேயே "கீசர் போயிடுச்சு" என்று கூப்பிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பத்து, பதினைந்து நிமிடம்தான்.

ஆகவே குளிர்ந்த தண்ணீர் நிரம்பியிருக்கும்போது சுவிட்சைப் போட்டு, விளக்கு அணையும்வரை மணி பாருங்கள். 40 நிமிடம் ஆகவேண்டியது 45 ஆனால் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அடுத்து பார்க்க வேண்டியது வோல்டேஜ்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்), தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புது கீசருக்கு விலை விசாரித்து, சீட்டில் எழுதியே வைத்திருந்தார். பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொன்னார்: "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல போட்டா சும்மா கொதிக்குது. காலையில ஆறு மணிக்குத்தான் மக்கர் பண்ணுது." கீசருக்கு மணி பார்க்கத் தெரியாது. காலை ஆறு மணிக்கு அந்த ஹட்டியில் எல்லா வீட்டிலும் கீசர் ஓடுகிறது, லைனின் கடைசியில் இவர் வீடு. மறுநாள் விடிகாலையில் அவர் மகனை மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைப் பார்க்கச் சொன்னேன். 180 வோல்ட்.

230 வோல்ட்டில் 2000 வாட் தரும் எலிமென்ட், 180 வோல்ட்டில் 1225 வாட்தான் தரும். வோல்டேஜ் கால்வாசிக்கும் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது, சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது, ஏனென்றால் வோல்டேஜ் குறையும்போது கரண்ட்டும் சேர்ந்து குறைகிறது. 40 நிமிட வேலை 65 நிமிடமாகும். எந்தக் கம்பெனி கீசரை மாட்டினாலும் இந்த 65 மாறாது. பைக்காராவிலும் குந்தாவிலும் கரண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற மலை இது. அதன் ஹட்டியில் இந்த நிலை. அது தனிப் புலம்பல். மின்வாரியத்துக்கு நேரம், வோல்டேஜ் இரண்டையும் குறித்து மனு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அதுவரை ராத்திரி படுக்கும் முன் சுடவைத்து சுவிட்சை அணைத்துவிட்டால் டேங்க் காலைவரை ஓரளவு தாங்கும். நட்சத்திரம் உதவுகிற இடம் இதுதான்.

வோல்டேஜைப் பார்க்கும்போது ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா கிடக்கும் சாக்கெட்டில் 220 காட்டும், எல்லோரும் திருப்தியாகப் போய்விடுவார்கள். சுமை ஏறிய நேரத்தில் மெயின் போர்டில் ஒரு தரம், கீசர் சாக்கெட்டில் ஒரு தரம் பாருங்கள். இரண்டிலும் குறைவு என்றால் லைன் பிரச்சினை. மெயினில் 220, சாக்கெட்டில் 195 என்றால் உங்கள் சுவருக்குள் பிரச்சினை. அந்த 25 வோல்ட் எங்கேயும் மாயமாகப் போவதில்லை. ஏழு ஆம்பியருக்கு மேல் ஓடும்போது கிட்டத்தட்ட 180 வாட் சூடாக, வயரிலோ லூசான ஜாயின்ட்டிலோ எரிந்துகொண்டிருக்கிறது. பழைய பங்களாக்களில் மரப்பட்டி அடித்து ஓட்டிய வயரிங்கை இன்னும் பார்க்கலாம். அதில் 2000 வாட் ஹீட்டரைச் சொருகுகிறார்கள். அங்கே மாற்ற வேண்டியது ஹீட்டர் அல்ல. மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட், நல்ல எர்த், கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) போடுங்கள். (மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரக்கையோடு யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது.)

கை கால் போனதா, நெஞ்சு போனதா

வோல்டேஜ் சரி, வயரிங் சரி, அப்படியும் சூடு இல்லையா? இப்போது மிஷினைத் திறக்கலாம். என் கணக்கு ஒன்றுதான். எத்தனை வருஷம் ஓடியது என்று நான் முதலில் கேட்பதில்லை; எந்த பாகம் போனது என்று பார்ப்பேன். கீசரில் நெஞ்சு என்பது டேங்க். ஏ.சி.யில் கம்ப்ரஸர். ஆயில் ஹீட்டரில் எண்ணெய் நிற்கும் இரும்புக்கூடு. மற்றதெல்லாம் கை கால். எலிமென்ட், தெர்மோஸ்டாட், சூடு மிஞ்சினால் கரண்ட்டை நிறுத்தும் கட்அவுட், தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட், சேஃப்டி வால்வு எது போனாலும் மாற்றலாம். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய் விஷயம். டேங்க் ஓட்டையானால் அதற்குமேல் ஒரு ரூபாய் செலவு செய்யாதீர்கள். வெல்டு வைக்கிறேன், எம்-சீல் அப்புகிறேன் என்று வருகிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சொட்டுவதெல்லாம் டேங்க் ஓட்டையும் இல்லை. கரண்ட்டை நிறுத்திவிட்டு, கீழ் மூடியைக் கழற்றி, துணியால் ஈரம்போகத் துடைத்து, அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். பக்கவாட்டில் சேஃப்டி வால்விலிருந்து, அதுவும் சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. எலிமென்ட் பொருத்தியிருக்கும் வட்டத்தட்டைச் சுற்றி ஈரம் என்றால் கேஸ்கட். இது இரண்டும் இல்லாமல், டேங்க்கைச் சுற்றியிருக்கும் பஃப் நுரை ஊறி, பேப்பரில் செம்மண் நிறத்தில் கறை விழுந்தால் டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது.

இந்த விஷயத்தில் மலைத்தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. கோயமுத்தூரில் போர்வெல் தண்ணீர் ஓடும் வீட்டில் எலிமென்ட்டை வெளியே எடுத்தால் சுண்ணாம்பு பூசிய கொம்பு மாதிரி வரும். இங்கே ஊற்றுத் தண்ணீரிலும் அணைத் தண்ணீரிலும் உப்பு குறைவு, அதனால் எலிமென்ட் சுத்தமாகவே வரும். அதைப் பார்த்து "கீசர் புதுசு மாதிரி இருக்கு" என்று மூடிவிடக் கூடாது. பக்கத்திலேயே ஒரு மெக்னீசியம் ராடு இருக்கும். டேங்க்கை அரிக்கவேண்டியது தன்னை அரித்துக்கொள்ளட்டும் என்று வைத்த பலியாடு அது. புதிதில் விரல் தடிமன் இருக்கும். உள்ளே இருக்கும் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் அரிப்பு டேங்க் பக்கம் திரும்பிவிட்டது என்று பொருள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து மாற்றுகிறவர் வீட்டுக்கு நான் டேங்க் மாற்றப் போவது அபூர்வம். சென்னைக்காரர்கள் வாங்கிப் பூட்டிவைத்திருக்கும் வீடுகளில் மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி அழுகிய முட்டை வாடை வரும். அதற்கும் கீசரைத் தூக்கிப்போட வேண்டாம், முழுக்க வடித்துவிட்டு மறுபடி நிரப்பி ஒருமுறை நன்றாகச் சுடவைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கீசர் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதென்றால் எலிமென்ட் உறை விரிசல் விட்டு கரண்ட் தண்ணீரில் கசிகிறது. எலிமென்ட்டை மாற்றுங்கள், முடிந்தது. ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிட்டுப் போகிற எலக்ட்ரீஷியனை மட்டும் மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஒரே ஒரு கீசரை மட்டும் நான் திறந்துகூடப் பார்க்காமல் கழற்றச் சொல்வேன்: குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசர். ஊட்டி உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்தது. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்திருப்பார்கள். கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனையும் இருக்காது, இருமலும் வராது. எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி, அது வெளிச்சுவருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் காயலான் கடைக்கு.

ரூம் ஹீட்டர்: தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள்

ஆயில் ஹீட்டரில் எண்ணெய் தீராது, மாற்றவும் வேண்டாம். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். ஃபேன் ஹீட்டர் அடிக்கடி தானாக அணைந்தால் முதலில் தூசியை ஊதி எடுங்கள். மெலிந்த காற்று சூட்டைக் குறைவாகத்தான் அள்ளிக்கொண்டு போகும், அதனால் இங்கே கட்அவுட் சீக்கிரம் விழுகிறது. பிளக் பழுப்பேறியிருந்தால் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கருக்கிவிடும்.

"ஹீட்டர் பத்தலை, பெருசா ஒண்ணு வாங்கணும்" என்கிறவர்களிடம் நான் ஹீட்டரைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்க்கிறேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, மேலே தகரம், நடுவில் சீலிங் இல்லை. உள்ளே 20 டிகிரி, வெளியே 10 டிகிரி என்றால் அந்தத் தகரம் வழியாக மட்டும் முக்கால் கிலோவாட்டுக்கு மேல் வெளியே போகிறது. நீங்கள் வாங்கிய 2000 வாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேகத்தைச் சூடாக்குகிறது. பிளைவுட்டோ ஜிப்சமோ அடித்து சீலிங் போட்டு, மேலே ஒரு காற்று இடைவெளி விட்டால் அந்த இழப்பு ஏறக்குறைய பாதியாகும். ஜன்னல் இடுக்கில் ஒட்டும் நுரை டேப், கதவடியில் ஒரு துணி உருளை, தரைவரை தொங்கும் கனமான திரை இவற்றுக்கெல்லாம் சேர்த்தே ஒரு நல்ல ஆயில் ஹீட்டர் விலை ஆகாது. இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் பழைய ஹீட்டரை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம்.

சூடும் குளிரும் சேர்ந்த ஏ.சி.

இந்த மிஷின் ஒன்றுதான் ஒரு யூனிட் வாங்கி அதைவிட அதிகமான சூட்டைத் தரும். அது சூட்டை உற்பத்தி செய்வதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே கடத்துகிறது. குன்னூர் குளிரில் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு எதிர்பார்க்கலாம். ஊட்டியில் பூஜ்ஜியத்தை நெருங்கும் இரவில் அது குறையும்.

கணக்குப் போடுங்கள். அறைக்கு 1500 வாட் சூடு, தினம் 5 மணி நேரம். ஆயில் ஹீட்டர் 7.5 யூனிட் எடுக்கும், ஏ.சி. 2.5. மாதத்துக்கு 150 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 1200 ரூபாய், நாலு குளிர் மாதத்துக்கு 4800. மிஷினும் அதை மாட்டும் கூலியும் சேர்ந்து 45,000 ரூபாய் ஆனால் போட்ட பணம் திரும்ப ஒன்பது வருஷம் ஆகும். அதற்குள் மிஷினை நடத்தும் இன்வெர்ட்டர் போர்டு ஒருமுறையாவது போகாது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனவே ராத்திரி ரெண்டு மணி நேரம் ஒரே அறையில் ஹீட்டர் போடும் குடும்பத்துக்கு இது வேண்டாம். ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்கு வேறு கணக்கு: விருந்தாளிகள் விடிய விடிய ஓடவிடுவார்கள், ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். பழைய ஹீட்டர்கள் ஒவ்வொன்றாகப் போகும்போது அவர்கள் இதற்கு மாறலாம். ஏப்ரல், மே வெயிலுக்காக மட்டும் ஏ.சி. வாங்குவதாக இருந்தால் என் கடைக்கு வராதீர்கள். ஒரு சீலிங் ஃபேன் போதும். பழைய வீடுகளில் அதற்குக் கொக்கிகூட இல்லை என்பது வேறு விஷயம்.

ஏற்கெனவே ஏ.சி. வைத்திருப்பவர்கள் பதறுகிற ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். குளிர் ராத்திரியில் சூடு ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று உள்ளே காற்று நின்றுவிடும், வெளி யூனிட்டில் "டஸ்" என்று ஒரு சத்தம், பிறகு வெள்ளையாகப் புகை கிளம்பும். "அண்ணா, அவுட்டோர் எரியுது!" அது எரிவதில்லை. மூடுபனியின் ஈரம் வெளிக் காயிலில் பனியாகப் படிந்திருக்கும். மிஷின் சில நிமிடம் திசைமாறி ஓடி அதைக் கரைக்கிறது. கிளம்புவது நீராவி, கீழே ஒழுகுவது அந்தப் பனி. பிறகு தானாகச் சூடு திரும்பும். சூடு திரும்பாமல் காயில் முழுக்கப் பனிக்கட்டியாகவே நின்றால் அப்போது கூப்பிடுங்கள்.

ஏ.சி.யை எப்போது மாற்றுவது? வருஷாவருஷம் "கேஸ் தீந்துடுச்சு" என்று நிரப்புகிறவரிடம் எங்கே கசிகிறது என்று கேளுங்கள். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது. கசிந்தால் ஒழியக் குறையாது. குழாய் முனை ஜாயின்ட்டில் கசிந்தால் சின்ன வேலை. குன்னூரில் குரங்குகள் குழாயின் நுரை உறையைப் பிய்த்து, குழாயையே வளைத்துவைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். காயிலிலேயே பல இடத்தில் பொத்தல் என்றால், பழைய மிஷினாக இருந்தால் விட்டுவிடலாம். அதில் ஓடுவது ஆர்-22 கேஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஓசோனுக்காக 1987-இல் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அந்த கேஸ் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதில் புது மிஷின்களில் வரும் ஆர்-32-ஐ நிரப்பித் தருகிறேன் என்பவரை ஏணியிலிருந்து இறக்கிவிடுங்கள்: அழுத்தம் வேறு, ஆயில் வேறு, தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. கம்ப்ரஸர் போனால் முதலில் வாரண்டிச் சீட்டைத் தேடுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்கு 10 வருஷம் தருகின்றன. ஆனால் கேஸும் கூலியும் அதில் சேர்ந்ததா என்று படித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

சோலாரும் பயர்பிளேஸும்

சோலாரில் கண்ணாடிக் குழாய் ஒன்று போனதற்கு மொத்தத்தையும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழாயின் அடிநுனியிலும் உள்பக்கம் வெள்ளி பூசியது போல் பளபளக்கும். வெற்றிடம் இருக்கும்வரை அந்தப் பளபளப்பு இருக்கும். காற்று புகுந்துவிட்டால் அது பால்வெள்ளையாக மாறிவிடும். மொட்டைமாடியில் குனிந்து, வரிசையாக நுனிகளைப் பார்த்து, வெளுத்ததை மட்டும் மாற்றுங்கள். செம்புக்குழாய் தட்டு வகை சோலார் உறைபனி இடங்களில் உள்ளே தண்ணீர் உறைந்து வெடிக்கும். காந்தல், தலைகுந்தா பக்கம் அது ஒருமுறை வெடித்தால் அதையே திரும்பப் போடாமல் கண்ணாடிக் குழாய்க்கு மாறுங்கள். ஆனால் மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் மாதங்களில் எந்த சோலாரும் லீவுதான், கீசர் கூட இருக்க வேண்டும்.

பயர்பிளேஸ் எரிகிற விறகின் சூட்டில் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியாக அனுப்பிவிடும். அழகு வேறு, சூடு வேறு. இருந்தாலும் அதைச் சுவர் வைத்து அடைக்காதீர்கள். நவம்பரில் மேட்டுப்பாளையம் இறங்கும் பர்லியார் ரோட்டில் மண் சரிந்து, மரம் விழுந்து, ரெண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது வேறு எதுவும் ஓடாது. ஈரமான கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) எரித்தால் புகைபோக்கிக்குள் கரிப்பிசின் படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஒரு வெயில்காலம் முழுக்க உலர்ந்த விறகாக எரியுங்கள், வருஷம் ஒருமுறை துடையுங்கள். பார்பெக்யூ கரி அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். நம் மலைகளில் அப்படி உயிர் போயிருக்கிறது.

மாற்றுவதென்று முடிவானால் ஆகஸ்ட், செப்டம்பரில் மாற்றுங்கள். ஜனவரியில் கூப்பிட்டால் எனக்கும் நேரம் இருக்காது, கீழேயிருந்து வரும் கம்பெனி ஆளுக்கும் இருக்காது. பழையதை எக்சேஞ்சில் கொடுக்கும் முன் தூக்கிப் பாருங்கள். பங்களாக்களில் இருக்கும் பழைய கீசர்கள் சிலவற்றில் உள்டேங்க் செம்பு. மூடியைக் கழற்றி ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் நிறம் தெரிந்துவிடும். செம்பாக இருந்தால் கடைக்காரர் காட்டும் தள்ளுபடியை விட்டுவிட்டு காயலான் கடையில் எடைக்குப் போடுங்கள். நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.